கோட்டைப் பங்களாவின் ஒன்பதாவது முகம்

என் அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. அவள் செத்தபோது எனக்கு இரண்டரை வயது, அதனால் அவள் முகம் என் நினைவிலும் கிடையாது. ஆனால் அந்த முகம் இருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்திலிருந்து ஒரு மைல் மேலே, துரையின் பங்களாவுக்குள், மாடிப்படிச் சுவரில், மரத்தில் செதுக்கி வைத்திருந்தார்கள். கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது முகம். இவ்வளவும் எனக்குத் தெரியும். பதினாறு வயது வரை பார்த்ததுதான் இல்லை.

பங்களா என்றதும் தகரக் கூரையும் முன்னால் ரோஜாச் செடியுமாக மற்றத் தோட்டங்களில் இருப்பதை நினைத்துக்கொள்ளக் கூடாது. இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைக் கோட்டைத் தோட்டம் என்றே சொல்வார்கள். முதலில் வந்த துரை, ஊரை விட்டு வந்த ஏக்கத்தில், அவர் சீமையில் பார்த்த கோட்டை மாதிரியே கருங்கல்லில் கட்டிவிட்டாராம். ஒரு பக்கம் உருண்டைக் கோபுரம், உச்சியில் பல் பல்லாகக் கல், சுவரில் அம்பு விடுவதற்கென்று ஒல்லியான ஜன்னல்கள். எவன் படையெடுத்து வருவான் என்று பயந்தாரோ தெரியாது. வந்ததெல்லாம் மூடுபனியும் அட்டையும்தான்.

அதில் கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரை கல்யாணம் ஆகாதவர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்து ஆட்களின் முகங்களைச் செதுக்கி மாடிப்படி நெடுக வைக்க வேண்டும் என்று, தெற்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களச் செதுக்கு வேலைக்காரரை வரவழைத்தார். எல்லோரும் அவரை பாஸ் என்று கூப்பிட்டார்கள். அவருடைய ஆட்கள் பரம்பரையாக முகமூடி செதுக்குகிறவர்கள். முகமூடிக்கு எடுக்கிற லேசான, மெத்தென்ற மரத்தைத்தான் அவர் இங்கேயும் கொண்டுவந்தார். பெரிய கங்காணி, தபால்காரர், குதிரை பார்க்கிறவர், குசினியில் சமைக்கிற அப்பு என்று பதினான்கு பேரைத் துரையே பொறுக்கினார். கொழுந்து எடுக்கிற பெண்களில் மூன்று பேர். அதில் ஒருத்தி என் அம்மா.

பங்களாவின் பின்பக்கம் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அவளை நாலு நாள் உட்கார வைத்தார்கள். அந்த நாலு நாளும் கூடையைத் தொடாமலே அவளுக்கு முழுப் பேர் போட்டார்கள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான், கெஞ்சினாலும் நடக்காது. "இந்த மலையில சும்மா குந்தியிருந்து பேர் வாங்குனவ நான் ஒருத்திதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளாம்.

அப்பா சிரிக்கவில்லை. "நாலு நாளு ஊரு பேரு தெரியாத ஆம்பளைக்கு மூஞ்சியக் காட்டிக்கிட்டுக் குந்தியிருந்தியே, வெக்கமா இல்லை?" என்று கத்திவிட்டு, ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தார். அடுத்த வருஷம் பிரசவத்துக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், மழையில், லொறிக்குள்ளேயே அவள் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. பேசாமல் இருந்த அந்த ஒரு மாதத்தை அப்பா என்ன செய்தார், எங்கே வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்க அவர் பங்களாப் பக்கம் போகவே இல்லை. யாராவது பேச்செடுத்தால், "கட்டையில இருக்கறதா எம் பொண்டாட்டி?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

எனக்கு அக்கா ஒருத்தி. என்னைவிட ஒன்பது வயது பெரியவள். பதின்மூன்று வயதில் அவளைப் பங்களாவில் தரை துடைக்கவும் மரச்சாமான்களுக்கு மெழுகு போட்டுத் தேய்க்கவும் எடுத்துக்கொண்டார்கள். மாடிப்படியும் அவள் பொறுப்பு. பதினான்கு முகங்களையும் அவள்தான் துடைப்பாள். அதனால் எங்கள் குடும்பத்தில் அம்மாவைத் தினமும் பார்க்கிறவள் அவள் ஒருத்தியாக ஆனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் இறங்கி வருகிறபோது கையில் சீயக்காய் வாசம் அடிக்கும். என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டே, "அம்மாவைக் குளிப்பாட்டிட்டு வந்தேன், பாப்பா" என்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். "எப்படி இருக்காங்க, சொல்லு" என்பேன். வாரா வாரம் இதே கேள்வி. அவளும் சலிக்காமல் வாரா வாரம் சொல்வாள். இடது மூக்கில் மூக்குத்தி, கடுகளவு. வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, சின்ன வயதில் தேயிலைக் குச்சி கிழித்தது. கீழ் உதடு கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கும், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி. "யாரு மாதிரி இருக்கேன் நான்?" என்று கேட்டால், "உனக்கு அப்பா மூஞ்சி. எனக்கும் அதே மூஞ்சிதான். அம்மா நமக்கு ஒண்ணும் குடுத்துட்டுப் போகலை" என்று என் தலையில் குட்டுவாள்.

நான் அந்த மூன்று அடையாளங்களையும் கணக்குப் பாடம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மூக்குத்தி, தழும்பு, மடங்கின உதடு. தூக்கம் வராதபோது அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு முகம் பண்ணிப் பார்ப்பேன். சேரவே சேராது.

அக்கா கல்யாணமாகி டிக்கோயாவுக்குப் போய்விட்டாள். தோட்டத்து ஆட்கள் மனுப் போட்டுத்தான் பிரஜாவுரிமை வாங்க வேண்டியிருந்த காலம். அவள் புருஷனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அப்பா போட்ட மனு திரும்பி வந்துவிட்டது. ஏதோ ஒரு காகிதம் இல்லை என்றார்கள். இங்கேயே பிறந்த மனுஷன் இங்கேதான் பிறந்தேன் என்று யாரிடம் போய்ச் சாட்சி கேட்பார்? கொஞ்ச நாள் கத்தினார், கொஞ்ச நாள் குடித்தார், பிறகு இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுத்தார். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதற்கு முந்தின வருஷம் அது.

பாஸ்போட்டுக்குப் போட்டோ வேண்டும் என்று நுவரெலியாவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். எங்கள் வீட்டில் யாரும் போட்டோ பிடித்தது அதுதான் முதல் தடவை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தவர், "ஆடாம இருங்க தங்கச்சி, மூஞ்சி அழிஞ்சிரும்" என்றார். ஆடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் திடீரென்று புத்தியில் உறைத்தது. நாங்கள் போய்விடுவோம். கடலைத் தாண்டிவிட்டால் அந்த ஒன்பதாவது முகத்தை இந்த ஜன்மத்தில் பார்க்க முடியாது. ஸ்டூடியோவிலேயே அழுதேன். அந்தப் போட்டோவில் என் கண் வீங்கித்தான் இருக்கும்.

அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். "போறதுக்கு முந்தி வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் அம்மாவைக் காட்டு." பதில் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வர முடியாது. இப்போதிருக்கிற துரை பொல்லாதவராம், தோட்டத்து ஆட்கள் உள்ளே வந்தால் அப்புவுக்குத்தான் வேலை போகும், நீ போகாதே பாப்பா, அம்மாவை உனக்கு நான் நேரில் பார்த்த மாதிரி சொல்லியிருக்கேன் இல்லையா என்று எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷம் தினமும் பார்த்தவளுக்கு, ஒரு தடவை பார்க்க நினைக்கிறவளிடம் போகாதே என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

நானே குசினி அப்புவிடம் போய் நின்றேன். வயசானவர். படியில் அவர் முகமும் இருக்கிறது. துரையும் துரைசாணியும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நுவரெலியாவுக்குச் சாப்பிடப் போவார்கள், அப்போது வா என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் புறப்படும்போது அப்பா வாசலில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். சவரம்கூடச் செய்திருந்தார்.

பின்பக்கக் குழாயில் கால் கழுவிக்கொண்டு குசினி வழியாக உள்ளே போனோம். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. விழுந்துவிடுவேனோ என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கோட்டைக்குள் வெளிச்சம் குறைவு. ஒல்லி ஜன்னல்கள் வழியாகக் கோடு கோடாக வெயில் விழுந்திருந்தது. சுவர் முழுக்க எண்ணெய்ச் சாயப் படங்கள். கப்பல் கவிழ்கிற படம், குதிரைப் படம், மடியில் நாய் வைத்திருக்கிற ஒரு சீமாட்டி. எங்கள் மலையையே ஒரு படத்தில் வரைந்திருந்தார்கள். கோபுரம், தொழிற்சாலை, வளைந்து போகிற ரோடு, பச்சைப் பசேலென்று தேயிலை. ஒரு ஆள் இல்லை. தேயிலை தானாகவே முளைத்துத் தானாகவே போய்ப் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அப்பா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "நம்ம லயம் எங்க?" என்று கேட்டார். லயம் இருக்க வேண்டிய இடத்தில் மரம் போட்டிருந்தார்கள்.

மாடிப்படி அந்தக் கூடத்தின் கோடியில் இருந்தது. அப்பு ஏறாமல் கீழேயே நின்றுகொண்டார். நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். முதல் முகம் பெரிய கங்காணி. மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. இரண்டாவது தபால்காரர், ஒரு கண் சுருங்கி, அப்படியே அவர்தான். எல்லா முகமும் மெழுகு ஏறிக் கறுத்துப் பளபளத்தன. ஆறாவது எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராக்காரி, கோடி வீட்டுக்காரி. மரத்திலும் யாரையோ திட்டத் தயாராக வாயைத் திறந்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு அச்சாக இருக்கிறதே, இன்னும் மூன்றே படியில் அம்மா என்று வேகமாக ஏறினேன். ஏழு. எட்டு.

ஒன்பதாவது இடத்தில் முகம் இல்லை.

தலை இருந்தது. இரண்டு பக்கமும் காது இருந்தது, பின்னால் கொண்டையும் முக்காட்டின் மடிப்பும் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. அம்மிக்குழவி மாதிரி வழுவழுவென்று இருந்தது. மூக்கு இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு. மற்ற முகமெல்லாம் கறுப்பு, இது மட்டும் வெளுத்து, மரத்தின் ரேகைக்குள் மஞ்சள் ஊறிப் போயிருந்தது. நெற்றி நடுவில் குங்குமம் பதிந்து பதிந்து சின்னக் குழியாகச் சிவந்திருந்தது. மூக்குத்தி இல்லை. தழும்பு இல்லை. உதடு இல்லை.

நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று கீழே இறங்கி மறுபடி எண்ணிக்கொண்டு ஏறினேன். அப்பு கீழேயிருந்து, "அதுதான் புள்ள" என்றார்.

அவர்தான் சொன்னார். மற்றப் பதின்மூன்று முகத்துக்கும் அக்கா பங்களா மெழுகைத்தான் போட்டாளாம். அம்மாவுக்கு மட்டும் போட மாட்டாளாம். "எங்கம்மா மூஞ்சியில செருப்புக்குப் போடுற மாதிரி சாமானைத் தேய்ப்பேனா அப்பு?" என்பாளாம். வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு எண்ணெய் எடுத்து, மஞ்சள் உரசிப் பூசி, நாரால் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைப்பாளாம். தீபாவளி, பொங்கல் வந்தால் குத்துவிளக்குக்குப் போடுகிற செங்கல் தூள். உயிரோடு இருக்கிற தாய்க்கும் வீட்டுச் சாமிக்கும் என்ன செய்வோமோ அதையெல்லாம் செய்திருக்கிறாள். முகமூடி செதுக்குகிற மெத்தென்ற மரம் அது. எத்தனை வெள்ளிக்கிழமை தாங்கும்?

"எனக்கே முதல்ல தெரியலை புள்ள. தினம் பாக்குற கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் மூக்குத்தியக் காணோம்னு ஓடியாந்து அழுதா. பாஸைக் கூட்டியாந்து திரும்பச் செதுக்கலாமான்னு கேட்டா. அந்தாளு செத்துப் போயிட்டாராம். அதுக்கப்புறம் தொடவே மாட்டா. பொட்டு மட்டும் வைப்பா. வீட்ல சொல்லிராதீங்க அப்பு, தங்கச்சி கேட்டுக்கிட்டே இருப்பான்னு என் காலைப் பிடிச்சா."

அது அவள் கல்யாணத்துக்கு நாலு வருஷம் முந்தி என்றார். அதற்குப் பிறகும் நாலு வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்குத் தலை வாரிக்கொண்டு மூக்குத்தி, தழும்பு, மடங்கின உதடு என்று சொல்லியிருக்கிறாள். கையில் சீயக்காய் வாசத்தோடு. அந்த வாசத்துக்காகவே சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்திருப்பாள் போல.

அப்பா என் பின்னாலேயே ஏறி வந்திருந்தார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அந்த வழுவழுப்பான கன்னத்தில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். அவருக்குத் தெரியும் அந்த முகம். ஒரு மாதம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்த முகம். என்ன சொன்னாரோ, உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. பிறகு, "வா, போவோம்" என்று இறங்கினார். கடைசிப் படியில் கால் தடுக்கியது. அப்பு பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என் அம்மாவை அவள் தேய்த்தே தீர்த்துவிட்டாள். அதற்குமேல் என்னை முட்டாளாக்கினாள். புறப்படுவதற்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் பெட்டி கட்டிக்கொண்டே, அக்காவைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று தீட்டித் தீட்டி வைத்தேன். "எங்கம்மா மூஞ்சிய என்ன பண்ணுன?" எங்கம்மா என்றுதான் நினைத்தேன். நம்ம அம்மா என்றுகூட நினைக்கவில்லை.

நானுஓயாவில் ரயில் ஏறினோம். அக்கா ஹட்டன் ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கே கொஞ்ச நேரம்தான் வண்டி நிற்கும். எங்களைப் போல இந்தியாவுக்குப் போகிறவர்களின் வண்டி என்றால் அந்தக் காலத்தில் ஸ்டேஷனே ஒப்பாரியாக இருக்கும். ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு அக்கா ஓடி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் ரொட்டியும் சம்பலும் கட்டின பொட்டலம். எங்களைக் கண்டதும் அழுதாள், சிரித்தாள், பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். நான் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.

அப்பா என்னைத் தாண்டிக் குனிந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அக்காவின் தலையைத் தொட்டார்.

"போய்ப் பாத்தோம்மா" என்றார். "அப்படியே இருக்கா உங்கம்மா. மூக்குத்தி, அந்தப் புருவத் தழும்பு எல்லாம் அப்படியே. நல்லாப் பாத்துக்கிட்ட தாயி."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதட்டுவார், குடிப்பார், பொய் சொல்ல மாட்டார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியாதா? அந்த மூக்குத்தி தேய்ந்து போனதை முதலில் பார்த்தவளே அவள்தானே. வாயில் சேலையை வைத்து அடக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயும் பாத்தியா, பாப்பா?"

பார்த்தேன்க்கா. அந்த ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொய்க்கு அப்பாவே எனக்குப் பாதை போட்டுக் கொடுத்திருந்தார், நான் நடந்தால் போதும். நான் முகத்தைத் திருப்பி எதிர் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை, நனைந்த சுவர் ஒன்று இருந்தது.

விசில் ஊதினார்கள். வண்டி நகர்ந்தது. ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கூடவே நடந்தாள். "பாப்பா?" என்றாள். வண்டி வேகம் எடுத்தது, பிள்ளையோடு ஓட முடியவில்லை, கையை விட்டுவிட்டாள். அப்போதும் நான் திரும்பவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவும் இல்லை.

பிறகு நாங்கள் அக்காவைப் பார்க்கவே இல்லை. கடிதம் வரும், போகும். ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்தேன். பார்த்தேன் அக்கா, நீ சொன்ன மாதிரியேதான் இருந்தாங்க என்று. அதைக் காகிதத்தில் எழுதினால் பொய் என்று பட்டவர்த்தனமாகத் தெரியும், நேரில்தான் சொல்ல வேண்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். அவள் போய்விட்டாள் என்று தந்தி வந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

இப்போதும் சில நாள் பழைய வழக்கப்படி மூக்குத்தியையும் தழும்பையும் மடங்கின உதட்டையும் சேர்த்து அம்மாவின் முகத்தைப் பண்ணிப் பார்க்கிறேன். அம்மா வருவதில்லை. ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நான் திரும்பிப் பார்க்க மாட்டேனா என்று கூடவே நடந்து வருகிற அக்காவின் முகம்தான் வருகிறது.